கடை மூடினால் காசு

பிடரி மாஸ்டருக்கு முகங்கள் நினைவில் தங்காது. வருஷக்கணக்காக முடிவெட்ட வருகிறவர் எதிரே வந்து வணக்கம் சொன்னாலும், "நல்லா இருக்கீங்களா" என்று பொதுவாக ஒரு கேள்வியைப் போட்டு வைப்பார். அதே ஆள் தாண்டிப்போய் முதுகைக் காட்டியதும், "அட, நம்ம பேங்க் வாட்ச்மேன்" என்று பின்னாலிருந்து கூப்பிடுவார். பாதி ஆயுளைப் பிறத்தியார் தலைக்குப் பின்னால் நின்றே கழித்தவருக்குப் பிடரிதான் முகவரி. சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் முன்வரிசைப் பிடரிகளைப் பார்த்துவிட்டுக் கதை புரியவில்லை என்பார் என்று அவர் மனைவியே சொல்வாள். பிடரி மாஸ்டர் என்பது தெரு வைத்த பெயர். அவருக்கு அதில் கோபமில்லை.

இன்னொரு வியாதியும் உண்டு. கோணலைக் கண்டால் பொறுக்க மாட்டார். சாப்பிடப் போன வீட்டில் சுவர்ப்படம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தால் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்தால்தான் அடுத்த கவளம் தொண்டையில் இறங்கும். ஒருதடவை பஸ்ஸில் முன் இருக்கைக்காரரின் காதோரம் துருத்திக்கொண்டிருந்த நாலு முடியைச் சட்டைப்பைக் கத்தரியால் நறுக்கிவிட்டார். அந்த ஆள் அப்புறம் நிரந்தர வாடிக்கை ஆகிவிட்டார் என்பது மாஸ்டர் தரப்பு. அதற்கு முன்னால் ஓர் அறை விழுந்தது என்பது தெருவின் தரப்பு.

கடை பெரிய கடை இல்லை. ஒரு பல் டாக்டரின் மருத்துவமனைக்குக் கீழே, தெருவைப் பார்த்த ஒற்றை அறை. சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, ஒரு வாஷ்பேசின், மரநாற்காலி இரண்டு. அந்த மரநாற்காலிகளைத் தள்ளிவிட்டு, மிதித்தால் மேலே ஏறுகிற, திருகினால் சாய்கிற புது நாற்காலிகள் மூன்று வாங்கியதில்தான் இந்தக் கதை ஆரம்பம். நாற்காலிக்குக் கடன் கொடுத்த பேங்க், கடைக்கு இன்சூரன்ஸ் எடு என்றது. இன்சூரன்ஸ் என்றால் வீட்டிலேயே ஆள் இருந்தான்: மனைவியின் தம்பி, இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

மச்சானுக்கு வாய்தான் முதலீடு. செத்தவனுக்கே ஆயுள் பாலிசி விற்றுவிடுவான், கையெழுத்துதான் பிரச்சினை என்று மாஸ்டர் சொல்வதுண்டு. அவன் ஒரு மத்தியான நேரம், கடையில் ஆளில்லாதபோது வந்து புது நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"மாமா, தீப்பிடிச்சா, வெள்ளம் வந்தா, பைப்பு வெடிச்சா நாற்காலிக்குக் காசு குடுக்குறது எல்லாரும் எடுக்குற பாலிசி. அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. லாப இழப்புன்னு பேரு. கடை மூடிக் கெடக்குற நாளைக்கும் சேர்த்துக் காசு தருவான்."

"வேலை செய்யாம காசா?"

"ஆமா மாமா. சுருக்கமா சொன்னா, கடை மூடினா காசு."

மாஸ்டருக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. கடை மூடினால் காசு. சொல்லிப் பார்த்தால் நாக்கில் நேராக நிற்கிறது. கையெழுத்துப் போட்டார். போட்டபின் மச்சான் இன்னொரு தாளைத் திருப்பினான். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் தொற்றுநோய்க்கும் சேர்த்துக்கொள்ளலாம், எடுக்கிறீர்களா என்று கேட்டான்.

மாஸ்டருக்கு முகம் சுருங்கியது. "நோயா? என் கடையிலயா? கொதிக்கிற தண்ணில மருந்து போட்டுக் கத்தரியக் கழுவுறவன்டா நான். ஆளுக்கு ஒரு பிளேடு. நாளைக்கு எவனாவது அந்தப் பேப்பரப் பார்த்துட்டு, மாஸ்டர் கடையில நோய்க்குன்னே தனியா இன்சூரன்ஸ் எடுத்து வெச்சிருக்கான்யான்னு சொன்னா, அப்புறம் நாற்காலில யார் உட்காருவா? அந்த வார்த்தையவே எடு முதல்ல."

மச்சான் எடுத்துவிட்டான். விற்கிறவனுக்கு விற்றவரை லாபம்.

அதற்கப்புறம் ஊருக்கெல்லாம் தெரிந்த கதைதான். எங்கேயோ கிளம்பிய நோய் எல்லா ஊருக்கும் வந்தது. பேப்பரில் பார்த்தது, பக்கத்துத் தெருவுக்கு வந்தது. ஊரடங்கு போட்டார்கள். முதலில் மூடச் சொன்ன கடைகளில் சலூனும் ஒன்று. முகத்துக்கு முகம் வைத்துச் செய்கிற வேலை, வேறென்ன செய்வார்கள்.

வீட்டில் நிலைமை தலைகீழானது. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஊரே உள்ளே இருக்க, அவள் மட்டும் முகமூடியைக் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பிப் போவாள். மாஸ்டர் வாசல்வரை வந்து வழியனுப்புவார். பிறகு வீட்டில் இருக்கிற கோணல்களையெல்லாம் நிமிர்த்துவார். அலமாரியை நகர்த்தினார். கதவுக் கொக்கியை மாற்றினார். திரைச்சீலையின் அடியோரத்தை வெட்டி நேராக்கினார், அது ஜன்னலுக்குப் பாதிக்கு வந்து நின்றது. மகளுக்கு முடி வெட்டுகிறேன் என்று நின்றார். கல்லூரிப் பெண், காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கடைசியில் பல் தேய்க்கிற பிரஷ்ஷின் மயிரைச் சீராக வெட்டிக்கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, நீங்க தொழிலுக்குப் போகாம இருந்தா எங்க பல்லு போயிரும் போல இருக்கே."

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிட உரிமையாளர் முந்தின நாள்தான் போன் செய்திருந்தார். குரலில் கடுமையே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்களால வாடகை குடுக்க முடியலேன்னா சொல்லிருங்க மாஸ்டர், மருந்துக் கிடங்குக்கு ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்." கடையை விட்டால் வேறு கடை பிடிக்கலாம். ஆனால் இந்த அறையில் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற அந்த இரண்டடி இடம் அவருடைய கால்பட்டுப் பள்ளமாகிவிட்டது. புதுத் தரையில் நின்று இனி எப்போது பள்ளம் விழுகிறது?

அன்று மாஸ்டருக்கு அந்த நேரான வார்த்தை நினைவு வந்தது. மச்சானை வரச் சொன்னார்.

"கடை மூடியிருக்குடா."

"ஆமா மாமா, ஊரே மூடியிருக்கு."

"அப்போ காசு?"

மச்சான் கொஞ்சமும் அசரவில்லை. கம்பெனிக்கு எழுதிவிடலாம் என்று மார்தட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது அந்த மார்பு காற்றுப்போன பந்து மாதிரி இருந்தது. அக்கா பரிமாறிய சாப்பாட்டைக் குனிந்தபடியே சாப்பிட்டான்.

"சொல்லுடா" என்றாள் அக்கா.

"கடையில ஏதாவது சேதமாகி, அதனால மூடியிருந்தாத்தான் குடுப்பாங்களாம். தீ, தண்ணி, ஏதோ ஒண்ணு. சேதமே இல்லாம உத்தரவு போட்டு மூடினா அதுக்குக் கிடையாதாம்."

"நீ கடை மூடினா காசுன்னு சொன்ன."

"சுருக்கமா சொன்னேன் மாமா."

"சுருக்கினது நீ. இப்போ மாட்டினது என் கழுத்து."

"தொற்றுநோய்க்குத் தனியா ஒண்ணு கேட்டேனே. நீங்கதான் அந்த வார்த்தையே வேண்டாம்னு சொன்னீங்க."

 மாஸ்டர் பருப்பில் கிடந்த மிளகாயை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார், பிறகு அதை நேராக்கி வைத்தார். மனைவி தம்பியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் பக்கம் பேசினால் இன்னொருவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மச்சான் மாமாவின் காதருகே வந்தான். "சேதம் வேணும்னுதானே கேட்கிறான். பைப்பு எல்லாக் கடையிலயும் வெடிக்குது. மயிரைக் கட்டி மலையை இழுப்போம் மாமா. வந்தா மலை, போனா மயிர்."

"மயிர்தான்டா என் தொழிலே. போனா எனக்குத்தான் போகும்."

சொன்னாரே ஒழிய, அந்தப் பேச்சு காதில் தண்ணீர் புகுந்த மாதிரி உள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது. கடையை ஒருதடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மறுநாள் பகலில் கிளம்பினார். பையில் ஒரு குறடு. வழியில் போலீஸ்காரர் நிறுத்திப் பையைத் திறந்து பார்த்தார். "எலித் தொல்லைங்க, கடையப் பார்த்துட்டு வந்துடறேன்." குறட்டை வைத்து எலி பிடிக்கப் போகிற ஆளை அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு விட்டார்.

ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தார். கடை வாசனை அப்படியே இருந்தது: பவுடர், சோப்பு, கொஞ்சம் ஈரத் துணி. வாஷ்பேசினுக்கு அடியில் மண்டியிட்டு, பைப்பு சேர்கிற இடத்தில் குறட்டை வைத்தார். இடது பக்கம் ஒரு திருகு, அவ்வளவுதான்.  அப்போதுதான் கவனித்தார், அந்த பைப்பு கொஞ்சம் கோணலாக நின்றது. சேருமிடத்தில் ஒரு சொட்டு வேறு தொங்கியது. எத்தனை காலமாக இப்படிக் கிடக்கிறதோ, முடி வெட்டுகிற அவசரத்தில் யார் இங்கே குனிந்து பார்த்தார்கள். அவர் என்ன நினைத்தாரோ, கை வலது பக்கம் திரும்பியது. இறுக்கினார். பைப்பை நிமிர்த்தினார். சொட்டு நின்றது. ஒரு துணியை எடுத்து நன்றாகத் துடைத்தும் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் போனில் கேட்டான். "என்ன மாமா ஆச்சு?"

"பைப்பு முன்னவிட நல்லா இருக்குடா" என்றார்.

ஆனால் வருவது வந்தே தீரும் என்பார்களே. சில நாள் கழித்துப் பக்கத்துக் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. மாஸ்டர் கடை ஷட்டருக்கு அடியிலிருந்து வாய்க்கால் மாதிரி தண்ணீர் வருகிறது என்றார். மாடியில் பல் டாக்டர் இரண்டு நாள் முன்னால் ஓர் அவசர வைத்தியத்துக்கு வந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போன நேரம் குழாயில் தண்ணீர் வரவில்லை, திறந்தபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் தண்ணீர் வந்திருக்கிறது. வாய் கொப்பளிக்க வைத்த தொட்டி நிரம்பி, தளம் நிரம்பி, கீழே இறங்கிவிட்டது.

மாஸ்டர் போய்ப் பார்த்தார். கூரைக்குக் கீழே அடித்திருந்த பலகைகள் ஊறிப் பிய்ந்து விழுந்திருந்தன. சுவிட்சுப் பெட்டிக்குள் தண்ணீர். கண்ணாடியின் பின்பூச்சு உரிந்து, பாதி முகம்தான் தெரிந்தது. புது நாற்காலிகளில் ஒன்றை மிதித்தார். ஏறவில்லை, பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் விட்டுவிட்டு நின்றது. இவ்வளவையும் பார்த்தவர் வாசலில் வந்து நின்று மனைவிக்குப் போன் செய்தார்.

"கடை போச்சும்மா. சுத்தமா போச்சு."

"என்னங்க சொல்றீங்க? அதை ஏன் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க?"

"பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. நான் தொடக்கூட இல்ல. தானா விழுந்திருக்கு."

தலைக்கு மேல் வெள்ளம் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட மனிதர் அந்தத் தெருவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மச்சானுக்கு மறுபடி மார்பு நிமிர்ந்தது. படம் எடுத்து அனுப்பினான், எழுதிப் போட்டான். கம்பெனியிலிருந்து ஒரு சர்வேயர் போன் செய்தார். சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் இல்லை, நஷ்டத்தை அளக்கிறவர். நிதானமான குரல். பாலிசி நம்பர், தண்ணீர் வந்த நாள், நாற்காலி வாங்கிய கடை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நாற்காலி, கூரை, வயரிங், கண்ணாடி, இதெல்லாம் சேதம்தான். அதுக்கு வரும். லாப இழப்புக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. இந்தத் தண்ணி மட்டும் வரலேன்னு வெச்சுக்கங்க. இன்னைக்குக் கடை திறந்திருப்பீங்களா?"

மாஸ்டர் யோசிக்காமல் சொன்னார். "எப்படி சார் திறப்பேன்? ஊரடங்கு இருக்கே."

"அப்போ கடை மூடினது தண்ணியாலயா, ஊரடங்காலயா?"

மச்சான் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டான்.  மாஸ்டருக்குச் செத்த பாம்பை அடித்துவிட்டுக் கூலி கேட்ட மாதிரி இருந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார் சர்வேயர். "ஊரடங்கு எடுத்ததுக்கு அப்புறமும் இந்தச் சேதத்தால உங்களால தொழில் பண்ண முடியலேன்னா, அன்னையிலேருந்து கணக்கு ஆரம்பிக்கும். அப்போ நானே நேர்ல வந்து பார்க்கிறேன்."

போன் வைத்ததும் மச்சான் சொன்னான். "மாமா, இனிமே கடையில ஒரு ஆணியக்கூடத் தொடாதீங்க. அவர் வந்து பார்க்கிறவரைக்கும் அப்படியே கெடக்கட்டும். உட்கார்ந்த இடத்துல காசு."

ஊரடங்கு எடுத்த அன்று காலையில் தெருவைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்குள் அடைந்துகிடந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். வைக்கோல் போர், குருவிக்கூடு, பாய் பிரிந்த ஓரம், எல்லா மாதிரியும் நடந்து போயின. மாஸ்டர் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து வாசலில் பழைய மரநாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருட்டு, பூஞ்சை வாசனை.

"மாஸ்டர், கொஞ்சம் வெட்டி விடுங்க. வீட்டுல கண்ணாடிய மறைச்சு வெச்சுட்டாங்க."

"கடை வீணாப் போச்சுங்க. கரண்ட் இல்ல."

"வெளிச்சத்துல வெட்டுங்களேன்."

"முடியாதுங்க. ஒரு கணக்கு இருக்கு."

என்ன கணக்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. பார்த்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கிற சலூனைப் பார்க்க நடந்தார்கள். முகம் தெரியாத மாஸ்டருக்கு, போகிற அத்தனை பிடரியும் தெரிந்தது. தபால்காரர் போகிறார். பள்ளிக்கூட வாத்தியார் போகிறார், சுழி இடப்பக்கம், அந்தச் சலூன்காரன் அதைக் கவனிக்க மாட்டான், மெஷினை ஓட்டிவிடுவான். மாஸ்டருக்கு எழுந்து ஓடி அந்தச் சுழியையாவது சொல்லிவிட்டு வரவேண்டும் போல இருந்தது. கையை மடக்கித் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி, அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள்.

"இது என்னங்க, பாலிசிக்குக் காவலா?"

"ரெண்டு நாள் பொறு. சர்வேயர் வந்து பார்த்துட்டா அப்புறம் எல்லாம் சரியாயிரும்."

"நான் மருந்துக்கடையில பார்க்கிறேன். நோய் இல்லாதவன் இருமிக் காட்டினா, கொஞ்ச நேரத்துல அவனுக்கே நெசமா இருமல் வந்துரும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஈரமாயிருந்த ஒரு நாற்காலியைத் துடைத்துவிட்டு வந்தாள்.

சர்வேயர் சொன்னபடி வந்தார். ஒல்லி மனிதர், முகத்தில் பாதிக்கு மேல் முகமூடி, கண் மட்டும் தெரிந்தது. கையில் ஒரு அட்டை, பேனா. மாஸ்டர் வணக்கம் சொன்னார். அவர் திரும்பிக் கடைக்குள் போனார். மாஸ்டர் அப்போதுதான் அந்தப் பிடரியைப் பார்த்தார்.

அந்தப் பிடரியைப் பற்றி மாஸ்டர் இன்றைக்கும் பேச விரும்புவதில்லை. வலது பக்கம் ஒரு படி, இடது பக்கம் இரண்டு படி. நடுவில் நாய் கடித்த மாதிரி ஒரு இடம். காதுக்குப் பின்னால் ஒரு கொத்து தப்பித்து நிற்கிறது.

சர்வேயர் கூரையைப் பார்த்தார், எழுதினார். சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தார், எழுதினார். மாஸ்டர் நாற்காலியைக் காட்டவில்லை, கண்ணாடியைக் காட்டவில்லை. பிடரியையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

"சார், யார் சார் வெட்டினது?"

சர்வேயர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். "வீட்டுலதான். காய்கறி வெட்டுற கத்தரி. ரொம்ப மோசமா இருக்கா?"

"மோசம்னு இல்ல சார். கோணல்."

"பரவாயில்ல, யார் பார்க்கப் போறா."

"நான் பார்க்கிறேனே சார்."

அதற்கப்புறம் நடந்தது மாஸ்டர் யோசித்துச் செய்ததில்லை. மரநாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்தார். உட்காருங்க சார் ஒரு நிமிஷம் என்றார். பெட்டியிலிருந்து துணியை எடுத்து உதறி, கழுத்தைச் சுற்றிக் கட்டினார். சீப்பை நனைத்தார். கத்தரி பேச ஆரம்பித்துவிட்டது. எத்தனை நாளைக்கப்புறம் கேட்கிற சத்தம். மாஸ்டரின் தோள் இறங்கியது, கால் இரண்டும் தானாகப் போய் அதனதன் இடத்தில் நின்றன.

"கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க சார்" என்றார் சுற்றி வந்தபடி. "நோய் வந்துதான் கடை மூடினோம். அது நஷ்டம் இல்லையா? தீ வந்தா குடுக்குறீங்க, தண்ணி வந்தா குடுக்குறீங்க."

சர்வேயர் குனிந்த தலையோடு பேசினார். "ஊர்ல ஒரு வீடு பிடிச்சு எரிஞ்சா, மத்த வீட்டுக்காரங்க ஆளுக்கு ஒரு குடம் ஊத்துவாங்க. இன்சூரன்ஸ் அவ்வளவுதான் மாஸ்டர். எல்லார் குடத்தையும் ஒரே இடத்துல வெச்சுக்கிட்டு, எரியுற வீட்டுக்கு ஊத்துறது. எல்லா வீடும் ஒரே நேரத்துல எரிஞ்சா, யார் குடத்த யார் வீட்டுக்கு ஊத்துறது? தனியா நோய்க்கு எடுத்தவங்களுக்குக்கூட, அவங்க கடையிலயே நோய் வந்ததான்னு கேட்டுத்தான் குடுக்கிறாங்க. அதுவும் பாலிசில எப்படி எழுதியிருக்குங்கிறதப் பொறுத்து. சில இடத்துல கோர்ட்டுக்கே போயிருக்கு."

"அப்போ எல்லாருக்கும் வர்ற கஷ்டத்துக்கு யாரும் குடுக்க மாட்டாங்க."

"குடுக்கணும்னா கம்பெனி பத்தாது. அது வேற பேச்சு."

 மாஸ்டர் காதுக்குப் பின்னாலிருந்த கொத்தை எடுத்தார். தனக்கென்று தனியாக ஒரு நஷ்டம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இந்தச் சர்வேயரின் பெண்டாட்டியைக் கத்தரி பிடிக்க வைத்ததும் அதே நஷ்டம்தான் போல.

"தலையக் கொஞ்சம் குனிங்க சார்."

முடித்து, கழுத்தைத் துடைத்து, உரிந்த கண்ணாடியில் நல்ல பாதி இருக்கிற பக்கமாகத் திருப்பி, பின்னால் கைக்கண்ணாடி பிடித்துக் காட்டினார். சர்வேயர் அசந்துபோனார். முகமூடிக்கு மேல் கண் சிரித்தது. எழுந்து பர்ஸிலிருந்து நோட்டை எடுத்து நீட்டியவர், அப்படியே நின்றுவிட்டார்.

தெருவில் ஐந்தாறு பேர், இடைவெளி விட்டு, மரநாற்காலிக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றார்கள். கத்தரிச் சத்தம் கேட்டிருக்கிறது.

"மாஸ்டர்" என்றார் சர்வேயர் மெதுவாக. "ஒரு சிக்கல். நான் இப்போ காசு குடுக்காமப் போனா, சர்வேயர் இனாமா முடி வெட்டிக்கிட்டாருன்னு ஆகும். அதுக்குப் பேரு லஞ்சம். என் வேலை போயிரும். காசு குடுத்தா, கடை ஓடுதுன்னு அர்த்தம். ஓடுற கடைக்கு லாப இழப்பு எப்படி எழுதுவேன்?"

அந்த நேரம் பார்த்து மச்சான் பைக்கில் வந்து இறங்கினான். சர்வேயரின் பிடரியைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். மாஸ்டரின் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தான்.

"மாமா, வாங்காதீங்க" என்றான். "அது ஏதோ பழக்கத்துக்கு வெட்டி விட்டது சார், தொழில் இல்ல. கடைக்குள்ள கரண்ட் இல்ல பாருங்க."

மாஸ்டர் மச்சானைப் பார்த்தார். சர்வேயர் கையில் நீட்டியபடி இருந்த நோட்டைப் பார்த்தார். வரிசையில் முதலாவதாக நின்றவர் பள்ளிக்கூட வாத்தியார் என்று அவருக்கு முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. அவர் தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தபோது தெரிந்தது. இடப்பக்கச் சுழி. அன்றைக்கு இரண்டு தெரு தள்ளிப் போனவர், அங்கே கூட்டத்தைப் பார்த்து வெட்டாமலே திரும்பியிருக்கிறார்.

மாஸ்டர் கையை நீட்டிக் காசை வாங்கினார். கண்ணில் ஒற்றி, பெட்டிக்குள் போட்டார். மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.

"என்ன எழுதறது?" என்று கேட்டார் சர்வேயர்.

"பார்த்ததை எழுதுங்க சார்."

"மூணு நாற்காலி போட்டுக் கடை நடத்தின ஆள், இப்போ தெருவோரமா ஒரே நாற்காலில, பகல் வெளிச்சத்துல மட்டும் வெட்டுறார். குறைஞ்சிருக்கிற மட்டுக்கும் எழுதறேன். அது பெருசா இருக்காது."

"பெருசா இல்லேன்னா பரவாயில்ல சார். நேரா இருந்தாப் போதும்."

வாத்தியார் உட்கார்ந்தார். மாஸ்டர் துணியை உதறினார்.

நாற்காலிக்கும் கூரைக்குமான பணம் தாமதமாக வந்தாலும் ஒழுங்காக வந்தது. லாப இழப்புக்கு வந்த தொகையைப் பார்த்து மச்சான், இதற்கு இவ்வளவு பேப்பரா என்று வருத்தப்பட்டான். மாஸ்டர் மழையிலும் வெயிலிலும் வாசலில் நின்று வெட்டி, கட்டிட உரிமையாளரிடம் போய்க் கணக்கைப் பேசி, மருந்துக் கிடங்குக்காரரை வேறு இடம் பார்க்க வைத்தார். மாடி டாக்டர் வந்து மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை டாக்டர், குழாயை மட்டும் மூடுங்க என்றார் மாஸ்டர். முகம் தெரியாததால் முதலில் அவரிடம் முடி வெட்டணுமா என்று கேட்டுவிட்டார், அது வேறு.

அடுத்த வருஷம் பாலிசி புதுப்பிக்க மச்சான் வந்தான். கடைக்குப் புதுக் கூரை, புது வயரிங். அவன் பழக்கப்படி நாற்காலியில் சாய்ந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினான்.

மாஸ்டர் பேனாவை வாங்கவில்லை. அவன் கழுத்தில் துணியைக் கட்டினார்.

"படி."

"எதை மாமா?"

"எல்லாத்தையும். சுருக்காம."

"மாமா, நாப்பது பக்கம் இருக்கு."

"உன் தலையில நாப்பது பக்கத்துக்கு முடி இருக்கு. படி."

மச்சான் பெருமூச்சு விட்டுத் தொடங்கினான். தொற்றுநோயால் வருகிற இழப்புக்கு இந்தப் பாலிசி பொறுப்பாகாது என்று இந்தத் தடவை முன்பக்கத்திலேயே கறுப்பாக அச்சடித்திருந்தார்கள். அந்த வரிக்கு வந்ததும் அவன் குரல் இறங்கியது. மாஸ்டர் கத்தரியை நிறுத்தினார்.

"அதை இன்னொரு தடவை படி."

படித்தான். மனைவி அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தாள். தம்பி வாழ்நாளில் முதல்தடவையாக முழுசாக ஒன்றைப் படிப்பதைப் பார்த்துக் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே" என்றாள். "ஆளுக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்கு."

"அக்கா, சும்மா இரு."

"நீ தலைய நிமிர்த்தாதடா" என்றார் மாஸ்டர். "குனிஞ்சுக்கிட்டே படி. பின்னால இன்னும் கொஞ்சம் கோணல் இருக்கு."